குழுக்களுக்கான குழு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் ‘குழுக்களுக்கான குழு’ என்றொரு குழு உண்டு. அதில் பதின்மூன்று பேர். எந்த மசோதாவும் அதன் முன் வருவதில்லை. எந்தத் துறையின் கணக்கையும் அது புரட்டிப் பார்ப்பதில்லை. மற்ற நிலைக்குழுக்களில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று முடிவுசெய்வது மட்டும்தான் அதன் வேலை. பெயரைக் கேட்டால் அரசு அலுவலகங்களைக் கேலிசெய்ய யாரோ இட்டுக்கட்டியது போலத் தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜனவரிக் கடுங்குளிரில், லிங்கன் நகரச் சட்டமன்றக் கட்டடத்தின் நானூறு அடிக் கோபுரத்துக்குக் கீழே இவர்கள் கூடி ஓர் அட்டவணை வரைகிறார்கள். அந்த மாநிலத்தில் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்த மசோதா சட்டமாகும், எது வாசல்படியைத் தாண்டாது என்பதில் பாதி அந்த அட்டவணையிலேயே தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதில் நாற்பத்தொன்பதுக்கு இரண்டு அவைகள். நெப்ராஸ்காவுக்கு மட்டும் ஒன்றே ஒன்று. இந்தியாவில் நிலைமை தலைகீழ்: ஆறு மாநிலங்களுக்குத்தான் மேலவை இருக்கிறது, மற்றவை ஓரவையை வைத்தே காலம் தள்ளுகின்றன. தமிழ்நாடும் 1986 நவம்பர் 1 முதல் அந்த வரிசையில்தான். ஆனால் நெப்ராஸ்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சட்டமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயர் இருக்காது. அவைக்குள் ஆளுங்கட்சித் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், கொறடா என்று யாரும் கிடையாது. உறுப்பினர்கள் நாற்பத்தொன்பது பேர். எல்லோருக்கும் ‘செனட்டர்’ என்றே பெயர். மேலவையும் இல்லை, கொறடாவும் இல்லை என்றால் மசோதாக்களைச் சலித்தெடுப்பது யார்? நிலைக்குழுக்கள்தான். குழுவை யார் அமைக்கிறார்கள், அதற்கு யார் ஊழியம் செய்கிறார்கள் என்பது மற்ற இடங்களில் சலிப்பூட்டும் நிர்வாக விவரமாக இருக்கலாம். நெப்ராஸ்காவில் அரசியலே அதில்தான் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணகர்த்தா ஜார்ஜ் நோரிஸ். வாஷிங்டனில் நெப்ராஸ்காவின் சார்பில் செனட்டராக இருந்தவர். குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் கட்சிக்குள் அடங்காதவர். ஈரவை முறையில் அவருக்கு அறவே பிடிக்காத ஒன்று இருந்தது. ஒரே மசோதாவை இரண்டு அவைகளும் வேறுவேறு வடிவில் நிறைவேற்றிவிட்டால், இரு தரப்பிலிருந்தும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒரு சமரச வடிவத்தைத் தயாரிப்பார்கள். அதை அவைகள் ஏற்கலாம் அல்லது தள்ளலாம், கைவைக்க முடியாது. உள்ளே யார் எதை விட்டுக்கொடுத்தார், யாருக்காக விட்டுக்கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியவே தெரியாது. யாரும் தேர்ந்தெடுக்காத மூன்றாவது அவை என்பது நோரிஸின் குற்றச்சாட்டு.

1934இல் அரசியலமைப்புத் திருத்தம் கேட்டு அவர் மாநிலம் முழுக்கக் காரில் சுற்றினார். அந்தச் சுற்றுப்பயணத்தில் இரண்டு செட் டயர்கள் தேய்ந்துபோனதாக இன்றும் அங்கே கதை சொல்வார்கள். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 2,86,086 பேர் ஆதரித்தார்கள், 1,93,152 பேர் எதிர்த்தார்கள். அதே வாக்குச்சீட்டில் மதுவிலக்கை நீக்குவது பற்றியும் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை அனுமதிப்பது பற்றியும் கேள்விகள் இருந்தன. ஓரவைக்கு வந்த வாக்குகளில் ஒரு பங்கு மதுவுக்காகவும் குதிரைக்காகவும் சாவடிக்கு வந்தவர்களுடையது என்று குறும்பாகச் சொல்பவர்களும் உண்டு.

புதிய அவை 1937 ஜனவரியில் கூடியது. பழைய இரண்டு அவைகளிலும் சேர்த்து 133 உறுப்பினர்கள் இருந்தார்கள். புதிதில் 43 பேர். அதைவிடச் சுவையானது குழுக்களின் கணக்கு. முன்பு இரு அவைகளுக்குமாக 61 குழுக்கள் இருந்தன. ஏறக்குறைய இரண்டு உறுப்பினருக்கு ஒரு குழு! இத்தனை குழுக்களுக்கு வேலை இருந்ததோ இல்லையோ, தலைவர் என்ற பட்டம் பலருக்குக் கிடைத்திருக்கும். நோரிஸின் சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 18 ஆனது. 1935இல் கடைசியாகக் கூடிய ஈரவைச் சட்டமன்றம் 110 நாட்கள் நடந்து 192 மசோதாக்களை நிறைவேற்றியது. செலவு 2,02,593 டாலர். ஓரவையின் முதல் கூட்டத்தொடர் 98 நாட்களில் 214 மசோதாக்களை நிறைவேற்றியது. செலவு 1,03,445 டாலர்.

இப்போது நிலைக்குழுக்கள் பதினான்கு. உறுப்பினர் எண்ணிக்கை 1960களின் நடுவில் நாற்பத்தொன்பதாக உயர்ந்து அங்கேயே நிற்கிறது.

குழுக்களுக்கான குழுவின் தலைவரை முழு அவையும் தேர்ந்தெடுக்கிறது. மற்றப் பன்னிரண்டு பேர் மூன்று வட்டாரங்களிலிருந்து நால்வர் வீதம் வருகிறார்கள். வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு நெப்ராஸ்கா அனுப்பும் பிரதிநிதிகள் மூன்று பேர். அவர்களுடைய தொகுதி எல்லைகளே இந்த வட்டாரங்கள். முதல் வட்டாரம் தலைநகர் லிங்கனும் அதைச் சுற்றிய கிழக்குப் பகுதியும். இரண்டாவது, பெருநகரமான ஒமாஹா. மூன்றாவது, சோளக்காடும் மாட்டுப்பண்ணையுமாக மேற்கே விரிந்து கிடக்கும் மிச்ச மாநிலம். கட்சி எழுந்துபோன நாற்காலியில் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது என்று சொல்லலாம். ஒவ்வொரு நிலைக்குழுவிலும் இந்த மூன்று வட்டாரங்களுக்கும் இயன்றவரை சமமாக இடம் தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்பது பேர் கொண்ட நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் வட்டாரத்துக்கு மூன்று பேர் என்று கணக்கு அழகாக வகுபடும். எட்டுப் பேர், ஏழு பேர் என்றிருக்கும் குழுக்களில்தான் இழுபறி.

கூட்டத்தொடர் தொடங்கும்போது ஒவ்வொரு செனட்டரும் தனக்கு எந்தெந்தக் குழு வேண்டும் என்று விருப்பப் பட்டியல் கொடுக்கிறார். ஏற்கெனவே ஒரு குழுவில் இருந்தவர் தொடர விரும்பினால் அவருக்கு முன்னுரிமை. காலியாக இருக்கும் இடங்களைப் புதியவர்களுக்குப் பங்கிடும்போதுதான் வேலை சிக்கலாகிறது. அந்தச் சிக்கலுக்கு அரசியல் பாதிக் காரணம் என்றால், நாட்காட்டி மறுபாதி.

நிதி ஒதுக்கீட்டுக் குழு வாரத்தில் ஐந்து நாளும் கூடுகிறது. அதில் இடம்பிடித்தவருக்கு வேறு வழக்கமான குழு எதற்கும் நேரமிருக்காது. நீதி, வருவாய், சுகாதாரம் போன்ற குழுக்கள் புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள் கூடுகின்றன. கல்விக் குழுவும் போக்குவரத்துக் குழுவும் வங்கி-காப்பீட்டுக் குழுவும் திங்கள், செவ்வாய் இரண்டு நாள். வேறு சிலவற்றுக்கு ஒரே நாள். ஆகவே ஒரு செனட்டரின் வாரம் ஐந்து, அல்லது மூன்றும் இரண்டும், அல்லது மூன்றும் ஒன்றும் ஒன்றும் என்று ஏதாவது ஒரு கூட்டலுக்குள் அடங்கியாக வேண்டும். கல்வியிலும் வங்கித் துறையிலும் ஒருவருக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இரண்டிலும் அவரால் உட்கார முடியாது. இரண்டும் ஒரே பிற்பகலில் கூடுகின்றன. ஒருவரை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் அவருடைய வட்டாரத்தின் பங்கு கலைகிறது; அதைச் சரிசெய்ய இன்னொருவரை நகர்த்தினால் அவருடைய செவ்வாய்க்கிழமை இடிக்கிறது. பள்ளியில் பாட அட்டவணை போட்ட ஆசிரியர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

குழு எந்த நாளில், எத்தனை நாள் கூடுகிறது என்பதே அந்த மாநிலம் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்பதைக் காட்டிவிடுகிறது. சோளத்தாலும் மாடுகளாலும் வாழும் மாநிலத்தில் வேளாண் குழுவுக்கு வாரத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை போதும். குற்றவியல் சட்டம் முழுவதையும் சுமக்கும் நீதிக் குழுவுக்கு மூன்று நாளும் போதவில்லை. பெயர்களையும் நம்பிவிட முடியாது. ‘பொது விவகாரங்கள் குழு’ என்று சாதுவாக ஒன்று இருக்கிறது. அதன் கையில் இருப்பவை மதுவும் சூதாட்டமும்.

குழுக்களுக்கான குழு எல்லா இடங்களையும் நிரப்பலாம். ஒன்றை மட்டும் நிரப்ப முடியாது. தலைவர் நாற்காலியை. பதினான்கு குழுக்களின் தலைவர்களையும் முழு அவையும் கூடி, கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே, ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. போட்டியிடுபவர் எழுந்து தன் தகுதியைச் சொல்கிறார். பிறகு சீட்டுகள் விநியோகிக்கப்படுகின்றன, மடித்துப் போடப்படுகின்றன, எண்ணப்படுகின்றன. யார் யாருக்குப் போட்டார் என்பது வெளியே தெரியாது. துணைத் தலைவரை அந்தந்தக் குழுவே பிறகு தேர்ந்துகொள்ளும். தலைவர் எந்த வட்டாரத்துக்காரரோ அந்த வட்டாரத்தின் பங்கில் அவர் ஓரிடத்தை எடுத்துக்கொள்வதால், மேலே சொன்ன அட்டவணை வேலை இந்த முடிவுகளுக்குப் பிறகே சூடுபிடிக்கிறது.

எந்தச் சட்டமன்றத்திலும் வெளிப்படையான வாக்கைத்தானே நல்லதென்பார்கள்? ரகசியச் சீட்டை ஆதரிப்பவர்கள் இங்கே வேறு கணக்குச் சொல்கிறார்கள். வாக்கு தெரியாதவரை ஆளுநரோ கட்சித் தலைமையோ பெரும் நன்கொடையாளரோ உறுப்பினரின் கையை முறுக்க முடியாது. ஆகவே அவர் ஆளைப் பார்த்து வாக்களிப்பார் என்பது அவர்கள் வாதம். இதற்குச் சான்றும் இருக்கிறது. குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த அவையில், 2013 முதல் 2016 வரை நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒமாஹாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரரான ஹீத் மெல்லோ. மாநிலத்தின் கஜானா சாவியை எதிர்த் தரப்பின் கையில் கொடுப்பதற்குச் சமம் அது. மற்றப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இதைக் கற்பனை செய்வதே கடினம்.

ஆனால் அதே ரகசியச் சீட்டு கட்சிக்கும் உதவும். 2017 ஜனவரியில் அது தெளிவாகத் தெரிந்தது. வாக்குச்சீட்டில் கட்சி இல்லாவிட்டாலும் யார் எந்தக் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு 32 குடியரசுக் கட்சியினர், 15 ஜனநாயகக் கட்சியினர், ஒரு சுயேச்சை, ஒரு லிபர்டேரியன். முன்பு இரு தரப்புக்கும் பகிரப்பட்டுவந்த தலைவர் பதவிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த முறை ஒரே தரப்புக்குப் போயின. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்கள் என்ற புகார் எழுந்தது. ரகசிய வாக்கு என்பதால் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கோபம் அவை விதிகளின் மேல் திரும்பி, நிரந்தர விதிகளை ஏற்பதற்கே பல வாரங்கள் வாதம் நடந்தது. அந்தக் களேபரத்திலும் ஒரு வினோதம்: நீதிக் குழுவின் தலைவராகத் தேர்வானவர் லாரா எப்கி. முந்தைய ஆண்டு குடியரசுக் கட்சியை விட்டு விலகி லிபர்டேரியன் ஆனவர். அவையில் அவருடைய கட்சியில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. சீட்டை வெளிப்படையாக்க வேண்டும் என்ற யோசனை அப்போதும் அதற்குப் பிறகும் வந்தது, தோற்றது. தேர்தலில் தோற்றவர்கள் சந்தேகப்படவும் வென்றவர்கள் மௌனமாக இருக்கவும் ஒரே முறை இடம் தருகிறது. அதனால்தான் அது நிலைத்திருக்கிறதோ என்னவோ.

குழு அமைந்தாயிற்று. மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதை இன்னொரு அமைப்பு தீர்மானிக்கிறது. அதற்கு நிர்வாகக் குழு என்று பெயர், ஒன்பது உறுப்பினர்கள். ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், அவைத் தலைவர், மூன்று வட்டாரங்களிலிருந்தும் இருவர் வீதம் ஆறு பேர். கூட்டத்தொடரின் முதல் பத்து நாட்களுக்குள் அறிமுகமாகும் நூற்றுக்கணக்கான மசோதாக்களை இவர்கள்தான் பிரித்து அனுப்புகிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய மசோதா நீதிக் குழுவுக்குப் போனால் ஒரு கதி, வேறு குழுவுக்குப் போனால் இன்னொரு கதி என்பதால் இந்தப் பிரிப்பிலும் உரசல் வரும். இந்த நிர்வாகக் குழுவுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சட்டமன்ற ஊழியர்கள் அத்தனை பேரின் பணி விதிகளும் அதன் கையில்தான்.

ஊழியர்கள் என்றதும் கோப்பு தூக்குபவர்களும் தட்டச்சு செய்பவர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க மாநிலங்களிலும் நிலைமை அதுதான். ஆண்டில் சில மாதம் கூடிக் கலையும் சட்டமன்றத்துக்கு மசோதாவை எழுதத் தெரிந்தவர் யார்? ரயில்வே கம்பெனியின் வக்கீல், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல். உறுப்பினர்கள் அவர்களிடமே போய் எழுதி வாங்கினார்கள். யாரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வருகிறதோ அவரே அதை எழுதிக் கொடுக்கும் விந்தை இது. இதை உடைக்க முதல் அடி எடுத்துவைத்தது விஸ்கான்சின் மாநிலம். 1901இல் அங்கே சட்டமன்றத்துக்கென்று ஒரு குறிப்புதவி நூலகம் தொடங்கப்பட்டது. சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் அதை நடத்தினார். வேறு மாநிலங்களின் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், நாளிதழ் நறுக்குகள் என்று சேகரித்து வைத்து, கேட்கும் உறுப்பினருக்குக் கட்சி பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். மசோதா எழுதவும் உதவினார். நெப்ராஸ்காவும் 1937இல், ஓரவை பிறந்த அதே ஆண்டில், ஆய்வுக்கென்று ஒரு சட்டமன்றக் கவுன்சிலை அமைத்துக்கொண்டது. 1971இல் தேசிய அளவில் ஒரு குடிமக்கள் அமைப்பு ஐம்பது மாநிலச் சட்டமன்றங்களையும் ஆராய்ந்து தரவரிசைப்படுத்தியபோது, ஊழியர் பலத்தைப் பெரிதாக வளர்த்திருந்த கலிபோர்னியா முதலிடம் பெற்றது. நெப்ராஸ்கா ஒன்பதாவது. அலபாமா கடைசி.

இன்று நெப்ராஸ்காவின் ஒவ்வொரு நிலைக்குழுவுக்கும் பொதுவாக இரண்டு ஊழியர்கள். ஒருவர் சட்ட ஆலோசகர். சில குழுக்களில் வழக்கறிஞருக்குப் பதிலாக ஆய்வாளர். மற்றவர் குழு எழுத்தர். இரண்டே பேர்தான். ஆனால் குழுவின் அன்றாடம் முழுவதும் இவர்கள் தோளில்தான் நடக்கிறது.

கூட்டத்தொடரின் முற்பகுதியில் காலையில் அவை, பிற்பகல் ஒன்றரை மணிக்குக் குழு. நெப்ராஸ்காவின் விதிப்படி குழுவுக்கு வரும் எந்த மசோதாவாக இருந்தாலும் பொது விசாரணை நடத்தியாக வேண்டும். பிடிக்காத மசோதாவை விசாரணையே இல்லாமல் மேசையறைக்குள் போட்டுப் பூட்ட முடியாது. விசாரணைக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘எங்களுக்கு இரண்டாவது அவை மக்கள்தான்’ என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் இருக்கும் தாளில் பெயரை எழுதிக் குழு எழுத்தரிடம் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். முதலில் மசோதாவைக் கொண்டுவந்தவர், பிறகு ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள், கடைசியில் நடுநிலையாளர்கள். மேசைமேல் போக்குவரத்துச் சிக்னல் போல ஒரு விளக்கு: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்கத் தயாராக வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். பண்ணைக்காரர், பள்ளி ஆசிரியை, மருத்துவமனைச் சங்கத்தின் கைதேர்ந்த பரப்புரையாளர் எல்லோருக்கும் அதே விளக்குதான். கல்லூரி மாணவர்கள் பகுதிநேர உதவியாளர்களாக நின்று தாள்களை விநியோகிக்கிறார்கள். எழுத்தர் எல்லாவற்றையும் பதிவுசெய்கிறார். பேச்சு முழுவதும் பிறகு எழுத்துவடிவம் பெறுகிறது.

சட்ட ஆலோசகர் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாயே திறக்கமாட்டார். அவருடைய வேலை அதற்கு முன்பும் பின்புமாக நடக்கிறது. மசோதா எந்தப் பழைய சட்டத்தோடு மோதுகிறது, அண்டை மாநிலங்கள் என்ன செய்திருக்கின்றன, எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்த எந்த வரியை மாற்றினால் போதும் என்று பார்ப்பது அவர். குழுவின் திருத்தத்தை எழுதுவது அவர். பல சின்ன மசோதாக்களை ஒரே பொட்டலமாகக் கட்டி அவைக்கு அனுப்பலாம் என்று தலைவருக்கு வழி சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். ஒவ்வொரு குழுவும் இரண்டு மசோதாக்களைத் தன் முன்னுரிமை மசோதா என்று அறிவிக்கலாம். ஒவ்வொரு செனட்டருக்கும் ஒன்று. அவைத் தலைவருக்கு இருபத்தைந்து வரை. முன்னுரிமை கிடைக்காத மசோதாவுக்கு விவாத நேரம் கிடைப்பது அபூர்வம். அப்படியென்றால் குழுவின் அந்த இரண்டு சீட்டுகளில் எது ஏறும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

குழு ஊழியர்களுக்கு வெளியே, எந்தத் தலைவருக்கும் கீழ்ப்படாத பொது அலுவலகங்கள் இருக்கின்றன. மசோதாக்களுக்குச் சட்டமொழி கொடுக்கும் வரைவாளர்கள், ஆய்வு அலுவலகம், தணிக்கை அலுவலகம், நிதி அலுவலகம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் அஞ்சப்படுவது. பணச்செலவு உள்ள எந்த மசோதாவுக்கும் அங்கிருந்து ஒரு ‘நிதிக் குறிப்பு’ வரும். அரசுத் துறை ஒன்று தனக்குப் பிடிக்காத மசோதாவைக் கொல்ல விரும்பினால் செலவைப் பெரிதாக்கிக் காட்டுவது பழைய தந்திரம். நிதி அலுவலகத்தின் ஆய்வாளர் அந்தத் துறையின் கணக்கை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. தனக்குச் சரியென்று பட்ட தொகையைத் தனியாக எழுதலாம். செலவு பிடிக்கும் மசோதாவுக்குக் கூடவே ஒரு நிழல் மசோதாவும் வரும். அதே எண், பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்து. பணத்தை ஒதுக்குவது அந்த ‘ஏ’ மசோதாதான். அது விழுந்தால் தாய் மசோதா சட்டமாகியும் பட்டினி.

இங்கே ஒரு சம்பள முரணையும் சொல்ல வேண்டும். 1988இல் மக்கள் ஏற்ற திருத்தப்படி நெப்ராஸ்கா செனட்டரின் ஆண்டுச் சம்பளம் 12,000 டாலர். இத்தனை ஆண்டுகளில் அது ஏறவே இல்லை. அவருக்குக் கீழே முழுநேரமாக வேலைபார்க்கும் சட்ட ஆலோசகரின் ஊதியம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே உறுப்பினர்கள் பண்ணை, வக்கீல் தொழில், காப்பீட்டு முகவர் வேலை, ஓய்வூதியம் என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பிழைத்துக்கொண்டு, ஒற்றைப்படை ஆண்டில் 90 நாளும் இரட்டைப்படை ஆண்டில் 60 நாளும் லிங்கனுக்கு வந்துபோகிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவர்கள் ஊழியர்கள்தான். கோடையில் குழுக்கள் மேற்கொள்ளும் இடைக்கால ஆய்வுகளின் சுமையும் அவர்கள்மேல்தான்.

இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் கூர்மையாக்கியது பதவிக்கால வரம்பு. தொடர்ந்து இரண்டு நான்காண்டுத் தவணைக்குமேல் யாரும் இருக்கக்கூடாது என்று 2000இல் மக்கள் வாக்களித்தார்கள். 1971 முதல் உட்கார்ந்திருந்த, ஒமாஹாவின் ஓயாத குரலான எர்னி சேம்பர்ஸை வெளியேற்றத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். (அவர் நான்காண்டு வெளியே இருந்துவிட்டு 2013இல் திரும்பி வந்தார்.) 2006இல் வரம்பு முதன்முதலாகக் கடித்தபோது அனுபவசாலிகள் கொத்தாக வெளியேறினார்கள். அதற்கு முன்பு ஜெரோம் வார்னர் போன்றவர்கள் இருந்தார்கள். 1963 முதல் 1997இல் இறக்கும்வரை உறுப்பினர், நிதி ஒதுக்கீட்டில் கரைகண்டவர். அவருடைய தந்தை சார்லஸ் வார்னர்தான் 1937இல் ஓரவையின் முதல் அவைத் தலைவர். அப்படி முப்பத்துநான்கு ஆண்டுகள் தொடர்ந்து இருப்பது இனி யாருக்கும் வாய்க்காது. இப்போது அவைக்கு வந்து இரண்டே ஆண்டான ஒருவர் ஒரு பெரிய குழுவுக்குத் தலைவராகிவிட முடியும். பள்ளி நிதியுதவிச் சூத்திரம் ஏன் இப்படி இருக்கிறது, பத்தாண்டுக்கு முன் எந்தச் சமரசத்தில் அந்த உட்பிரிவு நுழைந்தது என்று அவர் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் சட்ட ஆலோசகரோ நிதி அலுவலகத்து ஆய்வாளரோதான்.

இதில்தான் நெப்ராஸ்கா முறையின் பலவீனம் இருக்கிறது. குழுவின் சட்ட ஆலோசகரையும் எழுத்தரையும் வேலைக்கு எடுப்பவர் குழுத் தலைவர். தலைவர் மாறினால் அவர்கள் வேலையும் ஊசலாடும். சில ஆலோசகர்கள் மூன்று நான்கு தலைவர்களைக் கடந்து நிலைத்திருக்கிறார்கள். சிலர் தங்களை அழைத்துவந்த தலைவரோடு சேர்ந்தே கிளம்பிவிடுகிறார்கள். முதல் நாள் நடக்கும் அந்த ரகசியச் சீட்டு, ஒரு செனட்டரின் பதவியை மட்டுமல்லாமல் இரண்டு ஊழியர்களின் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது. மற்றப் பல மாநிலங்களில் இருப்பதுபோலக் கட்சிகளுக்கென்று தனி ஊழியர் படை இங்கே இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் தலைவரின் விருப்பத்தில் வேலை நிலைக்கும் ஒருவர், ‘இந்த மசோதா நீதிமன்றத்தில் நிற்காது’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

இந்திய ஏற்பாடு இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அரசியலமைப்பின் 187ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தனிச் செயலகம் வேண்டும் என்கிறது; குழுக்களுக்கு வேண்டிய அலுவலர்கள் அந்தச் செயலகத்திலிருந்தே வருகிறார்கள். அவர்களை எடுக்கவோ நீக்கவோ குழுத் தலைவரால் முடியாது. வேலைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஒரு குழுவில் பழுத்தவரை நிர்வாக வசதிக்காக வேறு பிரிவுக்கு மாற்றினால் அந்த நினைவும் கூடவே போய்விடும். உறுப்பினர்களின் காலமும் குறைவு: இந்திய நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழுக்களும் பொதுக் கணக்குக் குழுவும் ஓராண்டுக்கே அமைகின்றன. நெப்ராஸ்காவில் இரண்டு ஆண்டு, அதோடு பழையவருக்கு முன்னுரிமை. கேரளம் 1980இல் துறைவாரியான பொருள் குழுக்களைத் தொடங்கி, மானியக் கோரிக்கைகளையும் மசோதாக்களையும் அவற்றுக்கு அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தியது. இந்திய மாநிலங்களில் அது பெரிய முன்னோடி. ஆனால் அந்தக் குழுக்களுக்குத் தலைவர் அந்தந்தத் துறையின் அமைச்சரே. நெப்ராஸ்காக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் திகைத்துப்போவார். அங்கே ஆளுநரின் நிர்வாகத்தைச் சேர்ந்த யாரும் குழு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார முடியாது, சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.

விசாரணை முடிந்தபிறகு குழு தனியாகக் கூடி முடிவெடுக்கும். மசோதாவை அவைக்கு அனுப்பலாம், திருத்தி அனுப்பலாம், காலவரையின்றித் தள்ளிவைக்கலாம். கடைசியாகச் சொன்னது மரியாதையான மரணம். எதையும் செய்யாமல் வைத்துக்கொண்டே இருக்கவும் செய்யலாம். அப்படி வைத்திருந்தால் அவையில் இருபத்தைந்து பேர் சேர்ந்து அதை இழுத்து வெளியே கொண்டுவர முடியும். தலைவரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்ள விரும்பாததால் அதற்குப் பெரும்பாலோர் துணிவதில்லை. நோரிஸ் வெறுத்த மூடிய அறையின் சாயல் இங்கேதான் எட்டிப்பார்க்கிறது. ஆனால் நெப்ராஸ்காவில் இந்தத் தனிக்கூட்டத்துக்குள்ளும் செய்தியாளர்கள் உட்காரலாம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, பத்திரிகைக்காரருக்கு உண்டு. இந்தச் சலுகையை ஒழிக்க வேண்டும் என்று செனட்டர்கள் சிலர் அவ்வப்போது கிளம்புவார்கள். விதி அப்படியே இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் சட்ட ஆலோசகர் ‘குழு அறிக்கை’யை எழுதத் தொடங்குகிறார். பெரும்பாலும் சில பக்கங்கள்தான். மசோதா என்ன செய்கிறது, திருத்தம் என்ன செய்கிறது, விசாரணையில் ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார், நடுநிலையாகப் பேசியவர் யார். அதில் உறுப்பினர்களின் வாக்குகளும் பெயர்பெயராக இருக்கும்: ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதவர், வராதவர். தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது எந்தச் செனட்டர் எந்தச் சீட்டைப் போட்டார் என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்தத் தலைவரின் மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு மசோதாவிலும் எந்தச் செனட்டர் எந்தப் பக்கம் நின்றார் என்பது அச்சாகிவிடுகிறது.